குழந்தையின் பேச்சுத் தாமதம்: மலைப்பகுதிப் பெற்றோர் அறிய வேண்டியவை

பேச்சு, மொழிப் பயிற்சி என்பது உச்சரிப்பைத் திருத்துவது மட்டுமன்று. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளுதல், தேவையைத் தெரிவித்தல், சொற்களைக் கோத்துப் பேசுதல் ஆகிய அனைத்திலும் குழந்தைக்குத் துணைநிற்பதாகும். இதில் குடும்பத்தினரின் பங்கு இன்றியமையாதது.

எப்போது ஆலோசனை பெற வேண்டும்?

• 12 மாதம்: பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, சுட்டிக்காட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகள் இன்மை
• 18 மாதம்: பொருளுள்ள ஒற்றைச் சொற்களைப் பேசாமை
• 24 மாதம்: "பால் தா" போன்ற இருசொல் தொடர்களைப் பேசாமை
• எந்த வயதிலும்: முன்பு பேசிய சொற்களை இழத்தல்

"ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வரும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. மூளை விரைவாக வளரும் முதல் மூன்று ஆண்டுகளில் பயிற்சியைத் தொடங்குவது மிகுந்த பயன் தரும்.

முதலில் செவித்திறன் பரிசோதனை

கதவு அறையும் ஓசைக்குத் திரும்பும் குழந்தைக்கும் பேச்சொலிகள் தெளிவாகக் கேளாதிருக்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கி, கேட்கும் திறன் குறையக்கூடும். இது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. பிறவிக் குறைபாட்டை 3 மாதத்திற்குள் உறுதிசெய்து, 6 மாதத்திற்குள் சிகிச்சையைத் தொடங்குதல் நன்று.

எங்கு அணுகலாம்?

தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகின்றனர். அவர்களிடமோ கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலோ உங்கள் ஐயத்தைத் தெரிவியுங்கள். தேவைப்படின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரைப்பர். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு வட்டார வள மையச் சிறப்பாசிரியரை அணுகலாம். தகுதியுள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செவிச்சுருள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு.

வீட்டிலேயே பயிற்சி

கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் மலைப்பாதை வழியே 90 கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களிலிருந்து பயணம் இன்னும் நீளும். அடிக்கடி சென்றுவருவது கடினம் என்பதால், ஒவ்வொரு வருகையிலும் வீட்டில் செய்யவேண்டியவற்றைப் பயிற்சியாளரிடம் செய்துபார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

• குழந்தையின் முகத்திற்கு நேராக அமர்ந்து பேசுங்கள்.
• "மலைவாழை வேண்டுமா, பேரிக்காய் வேண்டுமா?" என இரண்டையும் காட்டிக் கேளுங்கள். விடைக்குச் சற்றுக் காத்திருங்கள்; கைகாட்டினாலும் அதுவும் விடையே.
• குழந்தை "பஸ்" என்றால், "ஆமாம், பஸ் வருது" என நீட்டிச் சொல்லுங்கள்.
• "சொன்னால்தான் தருவேன்" என வற்புறுத்த வேண்டாம்.
• 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைப்பேசி காட்டுவதைத் தவிருங்கள்.

வீட்டில் வேறு தாய்மொழி பேசுவோர் அதை விட்டுவிடத் தேவையில்லை. இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்திற்குக் காரணமன்று. படங்களையும் சைகைகளையும் பயன்படுத்துவதும் பேச்சைத் தடுக்காது.

பரிசோதனைக்குச் செல்லும்போது தடுப்பூசி அட்டை, பிறப்பு விவரம், குழந்தை பேசும் சொற்களின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.