கமராவுக்கு முன் வெளிச்சத்தைக் கவனியுங்கள்

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முன்னர் எமது புடவைக் கடைக்காக ஒரு சிறிய வீடியோ எடுத்து வாடிக்கையாளர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். நல்ல ஓடர்கள் வந்தன. ஆனால் மெரூன் நிறச் சாரிகளில் பல திரும்பி வந்துவிட்டன. "நானா, வீடியோவில் பார்த்த நிறம் இதுவல்லவே" என்றார்கள். புதிய கமரா வாங்க வேண்டும் என்றான் மகன். கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பியிடம் விசாரித்தபோதுதான் பிழை கமராவில் இல்லை, நாம் போட்ட மலிவு லைட்டில் என்பது தெரிந்தது. நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

லைட் வாங்கும்போது நாம் வொட் அளவை மட்டும் பார்க்கிறோம். நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனை சீ.ஆர்.ஐ. என்ற எண்ணால் குறிப்பிடுவார்கள். அதன் உச்சம் 100. வீட்டுப் பாவனைக்கான எல்.ஈ.டி. குமிழ்கள் பல 80 அளவிலேயே இருக்கும். வீடியோவுக்கு 95 இருப்பது நல்லது. இன்னொரு விடயம், அந்த எண் 8 இளநிறங்களின் சராசரியாகும். கடுஞ்சிவப்பு அதில் சேராது. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. புடவை, இறைச்சி, உணவு வியாபாரிகள் அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, வெளிச்சங்களைக் கலக்கக் கூடாது. பழைய மஞ்சள் குமிழ் சுமார் 2700 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின். இரண்டும் ஒன்றாக விழுந்தால் கமரா தடுமாறும். ஒரே வகையை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, பெரிய லைட் வாங்குமுன் இருப்பதைக் கிட்டக் கொண்டுவாருங்கள். சிறிய லைட்டாயின் தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் ஏறத்தாழ 4 மடங்காகும். எல்.ஈ.டி. லைட்டுக்கு முன்னால் சொஃப்ட்பொக்ஸ் பூட்டினால் கடும் நிழல் விழாது. மறுபக்கம் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையை நிறுத்தினால் இரண்டாவது லைட்டின் வேலையை அது செய்யும். துணியின் நெசவு தெரிய வேண்டுமானால் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் போடுங்கள். ரிங் லைட் முகத்துக்கு நல்லது, துணியைத் தட்டையாகக் காட்டும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று ஹலோஜன் வாங்க நினைப்போர் கணக்குப் பார்க்கட்டும். 1000 வொட் ஹலோஜன் ஒரு மணித்தியாலத்தில் 1 யூனிட் எடுக்கும். 100 வொட் எல்.ஈ.டி. அதே யூனிட்டில் 10 மணித்தியாலம் எரியும். ஹலோஜனின் சூடு புடவைக் கடையில் தீ அபாயமும் கூட.

வாங்கப் போகும்போது கையில் ஒரு மெரூன் துணித்துண்டைக் கொண்டு செல்லுங்கள். லைட்டின் கீழ் அதை போனில் வீடியோ எடுத்து, வெயிலில் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். திரையில் கோடுகள் ஓடினால் அந்த லைட் துடிக்கிறது. எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 50இல் ஒரு செக்கனுக்கு வைத்துப் பாருங்கள். அப்போதும் கோடு மறையாவிட்டால் வாங்க வேண்டாம்.

குறைந்த பணம் உள்ளவர் ஒரு நல்ல லைட், உறுதியான ஸ்டாண்ட், சொஃப்ட்பொக்ஸ், வெள்ளைப் பலகை ஆகியவற்றோடு தொடங்கலாம். கமரா பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்த சாரிகளை நாம் வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டோம். ஆனால் அவற்றைத் திருப்பித் தந்தவர்களில் சிலர் பின்னர் எமது கடைப் பக்கம் வரவேயில்லை. முழக்கோலில் குறைத்து அளப்பதை நாம் சம்மதிக்க மாட்டோம். நிறத்தை மாற்றிக் காட்டுவதும் வாங்குபவருக்கு அதே நட்டம்தானே.