மஞ்சள் கடுதாசிக்கு முன்னால்

“மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்” என்று கடைத்தெருவில் பேச்சு எழுந்தால், அன்றோடு அவருடைய மானம் போயிற்று என்றே நம் மக்கள் எண்ணுகின்றனர். ஆகவே, கடனில் மூழ்கியவர் வழக்கறிஞரின் வாசலை மிதிக்கக் கூசுகிறார். கந்துவட்டிக்காரரிடம் மறுபடியும் போகக் கூசுவதில்லை. வட்டி ஹராம் என்று அறிந்தவரே ஒரு வட்டியை அடைக்க இன்னொரு வட்டி வாங்கும் பரிதாபத்தை என்னவென்பது!

நொடித்துப் போனவர் நீதிமன்றத்தை நாடுவது குற்றமன்று. சென்னை மாநகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும், ஏனைய ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் அதற்கு வழி வகுத்துள்ளன. சென்னைவாசிகள் உயர் நீதிமன்றத்திலும், மற்றவர்கள் தாம் குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் எல்லைக்குரிய நீதிமன்றத்திலும் மனுச் செய்ய வேண்டும். வெளியூர்ப் பெரிய வக்கீலைத் தேடி அலைவதைவிட, அந்த நீதிமன்றத்தில் நாள்தோறும் நிற்கும் உள்ளூர் வழக்கறிஞரே ஏற்றவர் என்பது இதனாலேயே.

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்ள பார் கவுன்சில் விதிகள் இடமளிப்பதில்லை. எனவே, நீதிமன்ற வளாகத்திலுள்ள வழக்கறிஞர் சங்கத்துக்குச் சென்று, ஐ.பி. மனுக்களை நடத்திப் பழகியவர் யார் என்று விசாரிப்பதே நேர்வழி. உறவினர் என்பதற்காகவோ, குற்ற வழக்கில் பெயர் எடுத்தவர் என்பதற்காகவோ ஒருவரை அமர்த்துவது சரியன்று. “ஜெயித்தால் இவ்வளவு” என்று கட்டணம் பேசுவது தொழில் விதிக்கே முரணானது. வக்காலத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

வழக்கறிஞரை எடைபோட, அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனித்தாலே போதும். நல்லவர் கணக்கைக் கேட்பார்: யார் யாருக்கு எவ்வளவு, சொத்து எங்கே, அதன் மதிப்பென்ன? மனுவில் இவை அனைத்தும் இடம்பெற்றாக வேண்டும். “முதலில் வீட்டை மனைவி பெயருக்கு ஹிபா எழுதிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒருவர் சொல்வாராயின், ஸலாம் கூறி எழுந்து வந்துவிடுங்கள். அவ்வாறு எழுதியபின் ஈராண்டுக்குள் மனுத் தாக்கலாகி, நொடித்தவர் என்று தீர்ப்பானால், அந்த ஹிபா ரத்தாகக்கூடும். சொத்தை மோசடியாக மறைத்தால் சிறையும் உண்டு. மனைவி மஹராகப் பெற்ற நகை அவருக்கே உரியது. அதைக் காக்கப் பொய் தேவையில்லை.

இன்னொன்று. வங்கிக் கடனை எழுதுகிறவர்கள், எழுத்தின்றிக் கைமாற்றுக் கொடுத்த தங்கையை, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பட்டியலில் விட்டுவிடுகின்றனர். வெட்கமே காரணம். ஆனால் பெயர் இல்லாவிட்டால், சொத்தை விற்றுப் பங்கிடும்போது அந்த ஏழைகளுக்கு ஒன்றும் கிடைக்காமற் போகலாம்.

நொடித்தவர் எனத் தீர்ப்பான உடனே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. சொத்து ரிசீவர் வசமாகும். உடுதுணி, சமையற் பாத்திரம், கைவினைஞரின் கருவிகள் போன்றவை தப்பும். நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுதலை கோரி மறுபடி மனுச் செய்ய வேண்டும். தவறினால் முந்திய தீர்ப்பே ரத்தாகலாம். அதுவரை உடன் வருவாரா என்பதையும் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அரசுக்குரிய பாக்கியும் மோசடியால் வந்த கடனும் விடுதலைக்குப் பின்னரும் நீங்கா. மற்றவற்றில் சட்டம் கைவிட்டாலும், வசதி வந்தபின் கொடுத்துத் தீர்ப்பது மார்க்கக் கடமையாக நிற்கிறது.

கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பாராமலே இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100. கடன்பட்டோர் ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினருள் அடங்குவர் என்பதை நம் ஜமாஅத் நிர்வாகிகளும் நினைவிற் கொள்ளட்டும்.

முதற்சந்திப்புக்கு மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பத்திரத்தில் அவரும் கையெழுத்திட்டிருக்கிறார் என்பது அங்கேதான் பலருக்குத் தெரியவருகிறது. கணவருக்குக் கிடைக்கும் விடுதலை, உடன் கடன்பட்டவரையோ ஜாமீன் நின்றவரையோ விடுவிப்பதில்லை.