நான்காம் வயிறு வரை

செம்மறி, வெள்ளாடுகளின் நான்காம் வயிற்றுச் சுவரைக் கீறி ரத்தம் குடித்து வாழ்கிறது ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்ற உருளைப்புழு. பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெண்ணிறச் சினைக்குழல் முறுக்கிக்கொண்டிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லிலிட்டர்தான். ஆயிரம் புழு என்றால் 50 மில்லிலிட்டர். இருபது கிலோ ஆட்டின் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரே மாதத்தில் அவ்வளவு ரத்தத்தையும் புழுக்கள் குடித்துவிடும். ஆடு புது ரத்தம் ஊற ஊற இழக்கிறது. ஊறும் வேகம் தோற்கும்போது தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கிச் சாகிறது.

மருந்து இல்லாமல் இல்லை. 1961இல் தயாபென்டசோல் வந்தது. அதற்கு அடங்காத புழுக்களைப் பற்றி 1964இலேயே எழுதிவிட்டார்கள். பெண் புழு தினமும் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை இடுகிறது. அத்தனையில் ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கப் பிறந்தாலும் போதும், சில தலைமுறைகளில் மேய்ச்சல் நிலம் அவற்றின் வாரிசுகள் வசமாகிவிடும். பிறகு வந்த மருந்துகளும் இதே வழியில் வலுவிழந்து வருகின்றன.

அதனால்தான் ஆராய்ச்சியாளர்களின் கண் தாவர எண்ணெய்கள் பக்கம் திரும்பியது. ஓமத்துக்கு அந்தக் கார மணத்தைத் தரும் தைமால் இவற்றில் முக்கியமானது. வடகிழக்கு பிரேசிலின் வறண்ட நிலத்தில் வளரும் லிப்பியா சிடோய்டிஸ் என்ற புதர்ச்செடியின் எண்ணெயிலும் தைமாலே மிகுதி. அங்குள்ள சியாரா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதையும் யூகலிப்டஸ் எண்ணெய்களையும் இந்தப் புழுக்கள் மீது பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். ஆய்வகத் தட்டில் முட்டைகள் பொரிப்பதே இல்லை. உயிருள்ள ஆட்டுக்குள் போனால் அந்த வீரியம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

காரணம் ஆட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. வாயில் ஊற்றிய எண்ணெய், முதல் வயிற்றின் பல லிட்டர் நொதிக்கும் கலவையில் கலந்து நீர்க்கிறது. கொஞ்சம் ஆவியாகி ஏப்பத்தோடு போகிறது. கொழுப்பில் கரையும் குணத்தால்தான் தைமால் புழுவின் உயிரணுச் சவ்வுக்குள் நுழைந்து குலைக்கிறது. அதே குணத்தால் ஆட்டின் வயிற்றுச் சுவரையும் எளிதில் கடந்துவிடுகிறது. எதிரியின் இடத்துக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதிதான்.

இந்தச் சிக்கல் மனிதருக்கும் பழையது. 1909இல் அமைக்கப்பட்ட ராக்ஃபெல்லர் சுகாதார ஆணையம் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கக் கொடுத்ததும் தைமால்தான். மருந்து உண்ணும் நாளில் மதுவும் எண்ணெய்ப் பண்டமும் கூடவே கூடாது என்று எச்சரித்தார்கள். இரண்டிலும் தைமால் கரையும். கரைந்தால் புழுவை விட்டுவிட்டு நோயாளியின் ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். வேலை முடிந்ததும் பேதி உப்பு கொடுத்து மிச்சத்தை வெளியேற்றினார்கள்.

நூறாண்டு கடந்து, அந்த மூலக்கூறுக்கு இப்போது ஓர் உறை கிடைத்திருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் அமிலத்தில் கரையும், நடுநிலை நீரில் கரையாது. முதல் வயிற்றில் அமிலம் குறைவு. நான்காம் வயிற்றிலோ மிக அதிகம். புழு குடியிருக்கும் இடம் வந்ததும் உறை இளகித் திறக்கும் என்பது எதிர்பார்ப்பு. பூட்டையும் சாவியையும் ஆட்டின் உடலே வைத்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உறையிட்ட எண்ணெய்த் துகளின் அளவும் ஓர் ஆயுதம். ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் ஒரே துளியாக நின்றால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து சதுர சென்டிமீட்டர். அதையே 200 நானோமீட்டர் துளிகளாக, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்காக உடைத்தால், மொத்தப் பரப்பு 30 சதுர மீட்டர். புழுவைத் தொடும் வாய்ப்பு அந்த அளவுக்குப் பெருகுகிறது.

இரசாயன மருந்தின் இடத்தை இது இன்னும் பிடிக்கவில்லை. நல்ல மருந்து என்றால் சாணத்தில் புழு முட்டைகளை 95 விழுக்காடாவது குறைக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்களின் எதிர்பார்ப்பு. உறையிட்ட எண்ணெய்கள் அதற்குக் கீழேதான் நிற்கின்றன. ஆனாலும் வீரியம் குறையாத ஒரு பழைய மருந்துக்குத் துணையாக நின்றாலே பெரிய உதவி என்பது என் கருத்து. சியாராவில் இறால் பண்ணைகள் ஏராளம், முந்திரித் தோப்புகளும் ஏராளம். முந்திரிப் பிசினையும் கைட்டோசானோடு சேர்த்து லிப்பியா எண்ணெய்க்கு உறையாக்கிப் பார்த்திருக்கிறார்கள். இலையும் ஓடும் பிசினும் ஒரே மாநிலத்தில் கிடைப்பதால், நாலைந்து ஆடு வைத்திருப்பவருக்கும் எட்டும் விலையில் இந்த மருந்தைச் செய்ய அங்கே வழியிருக்கிறது.