எட்டு ஆபத்துகள், ஓர் அடைக்கலம்

அவுரங்காபாத் குடைவரைகள், மகாராஷ்டிரம்
7-ஆம் குகை, கி.பி. 6-ஆம் நூற்றாண்டு

தாமரை ஏந்தி நடுவில் நிற்பவர் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர். இருபுறமும் பக்கத்துக்கு நான்காக எட்டு ஆபத்துகள்: தீ, வாள், தளை, கப்பற்சேதம், சிங்கம், பாம்பு, யானை, சாவு. கப்பல் காட்சியை உற்றுப் பாருங்கள். நடுக்கடலில் தத்தளிப்பவர்கள் அவரை வேண்டி நிற்கிறார்கள். வணிகரும் துறவியரும் வழிப்பயணத்தில் அஞ்சியவை இந்த எட்டும்.

துன்பம் உண்டு என்பது புத்தர் உரைத்த முதல் வாய்மை. துன்புறுவோர் தனித்து விடப்படவில்லை என்ற நம்பிக்கையை மகாயான பௌத்தம் போதிசத்துவர் வழியே ஊட்டியது. எல்லா உயிரும் கரையேற உதவுவதாக உறுதிபூண்டவர் அவர். பெயர் சொல்லி அழைத்தாலே காப்பார். தளையுண்டவர் குற்றவாளியா, நிரபராதியா என்றுகூடப் பார்ப்பதில்லை என்கிறது மகாயான நூலான சத்தர்ம புண்டரீக சூத்திரம்.