ஹிரோஷிமாவின் ஒரு நிமிட மௌனம்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று காலை 8.15 மணிக்கு ஜப்பானின் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் மணி ஒலிக்கிறது. கூடியிருக்கும் ஆயிரக்கணக்கானோர் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். 1945-இல் அமெரிக்க விமானம் வீசிய அணுகுண்டு, நகருக்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்த நேரம் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர்.

இந்த அமைதி விழாவை 1947-இல் மேயர் ஷின்ஸோ ஹமாய் தொடங்கிவைத்தார். கொரியப் போர் மூண்ட 1950-இல் அது நடைபெறவில்லை. இப்போது விழா காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. முதலில் தண்ணீர் படைக்கிறார்கள். உடல் வெந்து, “தண்ணீர், தண்ணீர்” என்று கேட்டபடியே உயிர்விட்டவர்கள் ஏராளம். அவர்களுக்கான நீர் அது. அடுத்து, இறந்தோர் பெயரேடு வைக்கப்படுகிறது. மௌன அஞ்சலிக்குப் பின் மேயர் அமைதிப் பிரகடனம் வாசிக்கிறார், புறாக்கள் பறக்கவிடப்படுகின்றன, பள்ளிச் சிறுவர் இருவர் அமைதிக்கான உறுதிமொழி கூறுகிறார்கள்.

கட்டடக் கலைஞர் கென்ஸோ டாங்கே வடிவமைத்த நினைவு வளைவின் அடியில், கல்பெட்டிக்குள் அந்த ஏடுகள் இருக்கின்றன. குண்டுவெடிப்புக்கு ஆளாகிப் பிழைத்த ‘ஹிபாகுஷா’க்களில் ஓராண்டில் இறந்தவர்களின் பெயர்கள் அந்தந்த ஆண்டே சேர்க்கப்படுகின்றன. இதுவரை 3,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்துள்ளன. பெயர் தெரியாமலே போனவர்களுக்கும் ஓர் ஏடு உண்டு. மே மாதத்தில் ஊழியர்கள் வெள்ளைக் கையுறை அணிந்து, ஈரம் தாக்காதபடி ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட வைக்கிறார்கள்.

அந்தக் கல்பெட்டியில் பொறித்த வாசகம், இறந்தவர்களை நிம்மதியாக உறங்கச் சொல்லி, தவறு மீண்டும் நேராது என்று வாக்களிக்கிறது. தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் எழுவாயைச் சொல்லாமல் விடலாம். இந்த வாசகத்திலும் எழுவாய் இல்லை. தவறு யாருடையது என்ற கேள்வியை 1952-இல் அங்கு வந்த இந்திய நீதிபதி ராதாபினோத் பால் எழுப்பினார். மனிதகுலம் முழுவதற்கும் உரிய வாக்குறுதி அது என்பதே நகர நிர்வாகத்தின் விளக்கம். பழி யாருக்கு என்று தேடுவதோடு நிற்காமல், வாசிக்கும் ஒவ்வொருவரையும் அந்த வாக்குக்குப் பொறுப்பாக்குவதில்தான் அதன் வலிமை இருக்கிறது.

அருகில் 1964-இல் ஏற்றப்பட்ட அமைதிச் சுடர் எரிகிறது; உலகின் கடைசி அணு ஆயுதமும் ஒழிந்த பிறகே அதை அணைப்பதென்று முடிவு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 மாலை மக்கள் காகித விளக்குகளில் தம் வேண்டுதலை எழுதி மோட்டோயாசு ஆற்றில் மிதக்க விடுகிறார்கள். 1945-இல் எரிச்சல் தாளாமல் மக்கள் இறங்கி மடிந்த ஆறு அது.