பரணில் இருந்த முறுக்கு டின்

அன்று, தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு எங்கள் வீட்டில் டின்னில் அடைபட்டுப் பரணுக்குப் போய்விடும். முக்காலி போட்டு ஏறினாலும் கை எட்டாது. சாயங்காலம் பாட்டி இறக்கித் தந்தால் ஆளுக்கு இரண்டு. டின்னை மூடும் சத்தம் கேட்டதென்றால் அன்றைய பங்கு முடிந்தது. அதிரசம் வேண்டுமென்றால் அரிசி ஊறவைத்து, இடித்து, பாகு காய்ச்சி, மாவைப் புளிக்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆசைக்கும் வாய்க்கும் நடுவே சில நாள் வேலை கிடந்தது.

இன்று, தெருமுனைக் கடையில் 5 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகள் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராகச் சரம் சரமாகத் தொங்குகின்றன. இரவு 11 மணிக்குப் பிரியாணி நினைப்பு வந்தாலும் போனை எடுத்தால் போதும், வாசலுக்கே வந்துவிடுகிறது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். இந்தச் சில வருடங்களில் இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் மனஉறுதி கரைந்துவிட்டதா? நான் நம்பவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் வால்டர் மிஷெல் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார். பொறுத்திருந்தால் அதிகம் பிடித்த தின்பண்டம் கிடைக்கும்; முடியாவிட்டால் சோதனை நடத்துபவரை அழைத்துச் சுமாரானதை வாங்கிக்கொள்ளலாம். 1970இல் வெளியான முடிவு இது: தின்பண்டங்கள் கண்ணெதிரே இருந்தபோது பிள்ளைகள் சராசரியாக 1 நிமிடம்தான் தாங்கினார்கள், பார்வையிலிருந்து எடுத்துவிட்டால் 11 நிமிடம். பாட்டியின் பரண் செய்த வேலை இதுதான்.

பண்டமும் மாறியிருக்கிறது. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தது. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவின்போது அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, 0.9 கிலோ எடை கூடினார்கள்.

அன்று பலர் ஒல்லியாக இருந்ததற்கு இல்லாமையும் ஒரு காரணம். அதைப் பெருமையாகப் பேச எனக்கு மனம் வராது. பசித்த வயிறு மறுபடி யாருக்கும் வேண்டாம். ஆனால் அந்தப் பரண் நமக்கு வேண்டும்.

பருத்த பிள்ளையைப் பார்த்து ‘வாயைக் கட்டு’ என்று சொல்லாதீர்கள். சாப்பாட்டு மேசையில் கிடக்கும் பாக்கெட்டை எடுத்து மேலே வையுங்கள். அந்த இடத்தில் ஒரு தட்டில் கொய்யாப்பழம் நறுக்கி வையுங்கள்.