வாங்கிய காலணியைத் திருப்பித் தர முடியுமா? கடையின் விதியும் சட்டம் தரும் உரிமையும்

புதுதில்லி: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரி நாட்டின் பல கடைகளின் ரசீதுகளில் இன்றும் அச்சிடப்படுகிறது. வாங்கிய சில நாள்களிலேயே சோல் பிரிந்துபோன காலணியுடன் வரும் வாடிக்கையாளரிடமும் இந்த வரியே காட்டப்படுகிறது. மறுபுறம், நிறம் பிடிக்காவிட்டாலும் பணத்தைத் திரும்பக் கேட்பது தங்கள் சட்ட உரிமை என்று வாடிக்கையாளர்கள் பலர் கருதுகின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் சரியானவை அல்ல.

குறைபாடுள்ள காலணியைத் திரும்பப் பெறுவது விற்பனையாளரின் சட்டக் கடமை. ரசீதில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது மாறாது. குறைபாடில்லாத காலணி, அளவு பொருந்தாததாலோ மனம் மாறியதாலோ திருப்பித் தரப்பட்டால், அதை ஏற்பதும் மறுப்பதும் அந்தக் கடையின் கொள்கையைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது வீண் வாக்குவாதத்தையும் பண இழப்பையும் தவிர்க்க உதவும்.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

காலணி நிறுவனங்களின் கொள்கை அறிக்கைகளில் திருப்பியளித்தல், மாற்றிப் பெறுதல், உத்தரவாதம் ஆகிய மூன்றும் தனித்தனியாகக் குறிப்பிடப்படுகின்றன. திருப்பியளித்தல் என்பது பொருளைக் கொடுத்துப் பணத்தைப் பெறுவது. மாற்றிப் பெறுதல் என்பது அதே காலணியை வேறு அளவில் அல்லது அதே விலையில் வேறொன்றாகப் பெறுவது. இதில் பணம் கைக்கு வராது. உத்தரவாதம் என்பது தையல் பிரிதல், சோல் கழன்றுபோதல் போன்ற தயாரிப்புக் குறைகளுக்கு, குறிப்பிட்ட மாதங்கள் வரை தயாரிப்பாளர் பொறுப்பேற்பது. நாள்பட்ட பயன்பாட்டால் ஏற்படும் தேய்மானம் பொதுவாக இதில் அடங்காது.

பணத்துக்குப் பதிலாக, மற்றொரு நாளில் அதே கடையில் பொருள் வாங்கிக்கொள்ளும் வகையில் கிரெடிட் நோட் வழங்கும் வழக்கமும் உண்டு. அளவு மாற்றம் போன்ற காரணங்களுக்கு இது கடையின் விருப்பம். ஆனால், குறைபாடுள்ள பொருளைப் பொறுத்தவரை, செலுத்திய தொகையைத் திருப்பித் தருவது பற்றியே சட்டம் பேசுகிறது.

சட்டம் கூறுவது என்ன?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கடந்த 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, அதற்கான தொகையை அளிக்க மறுப்பதை, முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக இச்சட்டத்தின் 2(47) பிரிவு வரையறுக்கிறது. ரசீதில் காலவரம்பு குறிப்பிடப்பட்டிருந்தால் அதற்குள்ளும், குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் விற்பனையாளர் தொகையைத் திருப்பித் தர வேண்டும். ரசீது வழங்காமல் இருப்பதும் இதே பிரிவின்கீழ் முறையற்ற வணிக நடைமுறையே.

தள்ளுபடி விற்பனையில் வாங்கிய பொருளுக்கு மாற்றம் கிடையாது என்று கடைகள் அறிவிப்பது உண்டு. அளவு, நிறம் போன்ற காரணங்களுக்கு அந்த அறிவிப்பு பொருந்தலாம். குறைபாடுள்ள பொருளை வாங்கியவரின் உரிமையை அதனால் பறிக்க இயலாது.

இணையவழியில் வாங்கும்போது

இணையவழி வணிகத்துக்கென 2020-ஆம் ஆண்டு தனி விதிகள் வெளியிடப்பட்டன. காலணி குறைபாடுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாததாகவோ இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. அறிவித்த காலத்தைக் கடந்து பொருள் வந்தாலும் இவ்விதி பொருந்தும். இயற்கைச் சீற்றம் போன்ற தவிர்க்க இயலாத காரணத்தால் நேர்ந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

திருப்பியளித்தல், பணம் திரும்பப் பெறுதல், மாற்றம், உத்தரவாதம் ஆகியவற்றுக்கான நிபந்தனைகளை வாடிக்கையாளர் எளிதில் காணும் வகையில் வெளியிட வேண்டும். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதை ஏற்றுக்கொண்டதை உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

அளவில் எழும் சிக்கல்

சட்டத்தைக் காட்டிலும் நிறுவனக் கொள்கையே முடிவு செய்யும் இடம் அளவுப் பிரச்சினைதான். அமெரிக்க முறையில் 9 எனக் குறிக்கப்படும் ஆண்கள் காலணி, பிரிட்டன் முறையில் பொதுவாக 8 ஆகும். பெட்டியில் உள்ள எண் எந்த நாட்டு முறையைச் சேர்ந்தது என்று பாராமல் வாங்குவோர் ஏமாற்றமடைய நேரிடுகிறது.

இந்தியர்களின் பாத அமைப்பை அறிய, சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஆய்வு நடத்தியது. இதில் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்கள் அளவிடப்பட்டன. ஐரோப்பியர், அமெரிக்கர்களின் பாதங்களைவிட இந்தியர்களின் பாதங்கள் அகலமானவை என்பது தெரியவந்தது. அகலம் போதாததால் நீளம் கூடுதலான காலணியைத் தேர்ந்தெடுக்கும் நிலை ஏற்படுகிறது. இதற்குத் தீர்வாக 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கெனத் தனி அளவுமுறை முன்மொழியப்பட்டுள்ளது.

கவனிக்க வேண்டிய நிபந்தனைகள்

* காலவரம்பு எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இணையவழியில் அது பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த நாளாக இருக்கும்.

* வெளியில் அணிந்து, சோலில் அழுக்கோ கீறலோ பட்ட காலணியைக் கடைகள் ஏற்பதில்லை. வீட்டுக்குள் பாய் அல்லது விரிப்பின் மீது நடந்து பார்ப்பது பாதுகாப்பானது. பகல் முழுதும் நடமாடியபின் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால், மாலையில் அணிந்து பார்ப்பது நல்லது.

* காலணிப் பெட்டியும் பொருளின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. பெட்டியைக் கிழித்தாலோ, அதன்மீது நேரடியாக முகவரிச் சீட்டை ஒட்டினாலோ திருப்பியளித்தல் மறுக்கப்படலாம்.

* இணையதளத்தில் வாங்கியதை அதே நிறுவனத்தின் கடையில் மாற்ற இயலுமா, கூரியர் கட்டணம் யாருடையது என்பதைப் பணம் செலுத்தும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

* பார்சலைப் பிரிக்கும்போது எடுக்கும் காணொலியும், குறையைக் காட்டும் புகைப்படங்களும் பின்னர் சான்றாகப் பயன்படும்.

கடை மறுத்தால்...

முதலில் ரசீது, புகைப்படங்களுடன் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். பலனில்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட 17 மொழிகளில் இச்சேவை கிடைக்கிறது. இம்மையம் நிறுவனத்துடன் பேசித் தீர்வு காண முயலுமே தவிர, உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு. கடை எந்த ஊரில் இருந்தாலும், நுகர்வோர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளின் விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. எனவே காலணி தொடர்பான வழக்குகளுக்குக் கட்டணம் செலுத்தும் தேவை எழாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். குறைபாடு உள்ளதா என்பதில் சர்ச்சை எழுந்தால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்தால் இயலும். காலணியை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் அது உத்தரவிடலாம்.

திருப்பியளிக்க முயல்வோரைக் குறிவைக்கும் மோசடிகளும் நடைபெறுகின்றன. தேடுபொறியில் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்கள் போலியாக இருக்கலாம் என்பதால், நிறுவனத்தின் செயலியிலோ ரசீதிலோ உள்ள எண்ணையே பயன்படுத்த வேண்டும். பணத்தைத் திரும்பப் பெற ஓடிபி எண்ணையோ யுபிஐ ரகசிய எண்ணையோ தெரிவிக்க வேண்டிய தேவை எப்போதும் இல்லை. ஏமாற்றப்பட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.